காப்பும் மாவுக்கட்டும்

போன வாரம் காலை நடை முடிந்து வழக்கமான டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நாலைந்து பேர், எல்லாரும் பென்ஷன்காரர்கள். ஒருவர் செல்போனை நீட்டினார். வாட்ஸப்பில் வந்த படம். இருபது வயதுகூட இருக்காது, இரண்டு பையன்கள். ஒருவனுக்கு வலது கையில் மாவுக்கட்டு, இன்னொருவனுக்கு இடது காலில். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார்களாம். "நல்லா வேணும் சார் இவனுகளுக்கு" என்றார் படத்தைக் காட்டியவர். எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து குளிக்கப் போனபோது பாத்ரூமில் என் மகன் பொருத்திக் கொடுத்திருக்கும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தேன். எழுபத்தைந்து வயதான நானே இதுவரை வழுக்கி விழவில்லை. இருபது வயதுப் பையன்கள் இரண்டு பேர் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஆளுக்கு ஒரு எலும்பாக எப்படி முறித்துக்கொள்கிறார்கள்? சென்னை உயர் நீதிமன்றமே 2025-இல் ஒரு வழக்கில் இதைக் கேட்டுவிட்டது: போலீஸ் ஸ்டேஷன் கழிப்பறையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, போலீஸ்காரர்கள் விழ மாட்டார்களா என்று. நீதிபதிகள் கேட்டதற்குப் பிறகும் எங்கள் டீக்கடையில் அது சிரிப்புக்கான விஷயமாகத்தான் இருக்கிறது. (அந்தக் கட்டுத் துணி நம் சத்திரப்பட்டியில் நெய்ததாகக்கூட இருக்கலாம். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.)

கைது செய்யப்பட்டவனை எவ்வளவு தூரம் கட்டிப்போடலாம், எதற்கு மேல் கூடாது என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எனக்கு இதில் ஒரு பழைய கடன் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பிறந்தது காரைக்காலில், 1950-இல். படித்தது பிரெஞ்சு மீடியம். இதை இங்கே முன்பே எழுதியிருக்கிறேன், தாலுகா ஆபீசில் 'பிரெஞ்சுக்காரர்' என்று எனக்குப் பட்டப்பெயர் வந்த கதையோடு. சிவப்புத் தொப்பிப் போலீஸைப் பார்த்து வளர்ந்தவன். எங்கள் முசியே, அதாவது வாத்தியார், 1789-ஆம் வருஷத்து மனித உரிமைப் பிரகடனத்தைப் பதினேழு பிரிவுகளும் மனப்பாடமாகச் சொல்ல வைப்பார். தப்பினால் பிரம்பு. மனித உரிமையைப் பிரம்பால் கற்றோம்! அதில் ஒன்பதாவது பிரிவு எனக்கு இன்றும் மறக்கவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பாகும் வரை ஒருவன் நிரபராதியே. அவனைக் கைது செய்துதான் ஆக வேண்டும் என்றால் செய்யலாம். ஆனால் அவனைப் பிடித்து வைப்பதற்குத் தேவையில்லாத எந்தக் கடுமையையும் சட்டம் கடுமையாகத் தண்டிக்க வேண்டும். இதுதான் அதன் சாரம்.

பிரெஞ்சுக்காரன் எழுதியபடி நடந்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அதை எழுதி நூறு வருஷம் கழித்து, செய்யாத குற்றத்துக்காகத் தேசத்துரோகி என்று தண்டிக்கப்பட்ட டிரெய்ஃபஸ் என்ற ராணுவ அதிகாரியைத் தென் அமெரிக்கப் பக்கம் ஒரு தீவில் தனியாக அடைத்து வைத்தான். 1896-இல் அவர் தப்பிவிட்டதாக ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பொய்ச் செய்தி வந்தது. அவர் தீவிலேயேதான் இருந்தார். ஆனாலும் மேலிடத்து உத்தரவின்பேரில் வாரக்கணக்கில் இரவெல்லாம் அவர் கால்களை இரும்பு வளையத்தில் மாட்டிக் கட்டிலோடு பூட்டினார்கள். பத்து வருஷம் கழித்து, 1906-இல், அவர் நிரபராதி என்று நீதிமன்றம் சொன்னது. கால் வளையத்தை எந்தத் தீர்ப்பு ரத்து செய்யும்?

நம் ஊர்ச் சட்டத்திலும் இதே வாசகம் இருக்கிறது என்பதை வேலைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளர். தாசில்தாருக்கு நிர்வாக மாஜிஸ்திரேட் அதிகாரமும் உண்டு என்பதால் குற்றவியல் நடைமுறைச் சட்டப் புத்தகம் ஒன்று ஆபீசில் கிடக்கும். புரட்டினால் 49-ஆவது பிரிவு, ஒரே வரி: கைதானவர் தப்பிப் போகாமல் தடுக்க எவ்வளவு தேவையோ அதற்கு மேல் அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது. 1898-ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்திலும் இது இருந்தது. 1973-இல் புதிதாக எழுதியபோதும் வைத்தார்கள். இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று பெயர் மாற்றியும், 46-ஆவது பிரிவாக அப்படியே இருக்கிறது. முசியே சொல்லிக் கொடுத்ததை இங்கே தமிழ்நாட்டு அரசாங்கப் புத்தகத்தில் பார்த்தபோது ஊர்க்காரனைச் சந்தித்த மாதிரி சந்தோஷமாக இருந்தது.

இனி அந்தக் கடன்.

1978. அப்போது ராஜபாளையத்தில் வேலை. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ஒரு நாள் சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி இரண்டு போலீஸ்காரர்கள், நடுவில் ஒருவர். கையில் விலங்கு. அதன் மேல் ஒரு துண்டைப் போர்த்தி மறைத்திருந்தார். விலங்கிலிருந்து போன சங்கிலி ஜன்னல் கம்பியைச் சுற்றிப் பூட்டியிருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் துண்டு நழுவும். அவர் குனிந்து பல்லால் இழுத்து மேலே போட்டுக்கொள்வார். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா குழந்தையைத் தூக்கி இந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டார்.

மூன்றாவது தடவை துண்டு நழுவியபோது அவர் திரும்பினார். எங்கள் தெருக்காரர். நெசவாளி. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் அப்பாவிடம் பேப்பர் படிக்கச் சொல்லிக் கேட்கிறவர். என்னை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அவர் வாய் திறந்தது. நான் தலையைத் திருப்பி மேற்கே மலையைப் பார்த்தேன். மடவார்வளாகம் வரும் வரை மலையையே பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் அவர்கள் இறங்கிப் போகும் வரை எழுந்திருக்கவில்லை. அரசாங்க உத்தியோகம், கல்யாணமாகி ஆறு மாதம், போலீஸ் பிடித்தவனோடு எனக்கென்ன பேச்சு என்று மனசு ஏதேதோ சொன்னது.

கூலிக்கு நெய்த இடத்தில் நூல் கட்டுகளைத் திருடிவிட்டார் என்பது புகார். ஒரு வருஷத்துக்குள் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. நூல் எங்கேயும் போகவில்லை, கணக்கில்தான் குழப்பம். ஆனால் தீர்ப்பைப் பார்க்க எங்கள் தெருவிலிருந்து கோர்ட்டுக்கு யார் போனார்கள்? சங்கிலியை ஒரு பஸ்ஸே பார்த்தது. அவர் மூத்த பெண்ணுக்குப் பேசியிருந்த இடம் கலைந்தது. அதற்குப் பிறகு அவர் எங்கள் திண்ணைக்கு வரவில்லை. என்னைப் பார்த்தால் நின்று, நான் கடந்து போன பிறகு நடப்பார். அவராக ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நூல் கட்டு திருடியதாகப் புகார் செய்யப்பட்ட நெசவாளி, மனைவி மக்களோடு சொந்த வீட்டில் இருக்கிறவர், ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்து எங்கே ஓடுவார்?

1980 ஏப்ரலில் டில்லியில் பிரேம் சங்கர் சுக்லா வழக்கின் தீர்ப்பு வந்தது. சுக்லா திகார் ஜெயிலில் இருந்த விசாரணைக் கைதி. கோர்ட்டுக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் விலங்கு மாட்டுகிறார்கள் என்று சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஒருவருக்குத் தந்தி கொடுத்தார். அந்தத் தந்தியையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். அவர் வக்கீலாக இருந்த தலச்சேரிக்குப் பக்கத்திலேயே எங்கள் பிரெஞ்சு மாஹே இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

பஞ்சாப் போலீஸ் விதிகள் 1934-இல் எழுதியவை. அவற்றின்படி கைதிகளில் 'மேல் வகுப்பு', சாதாரண வகுப்பு என்று இரண்டு. படிப்பும் அந்தஸ்தும் உள்ளவனுக்கு விலங்கு அநேகமாகக் கிடையாது, இல்லாதவனுக்கு உண்டு. கோர்ட் இதைத் தள்ளிவிட்டது. பணக்காரன் மட்டும் ஓட மாட்டான் என்று யார் சொன்னது? விலங்கு மாட்டுவது முதல் பார்வையிலேயே மனிதத்தன்மையற்றது. குற்றச்சாட்டு பெரியது என்பது மட்டும் அதற்குக் காரணம் ஆகாது. கூட்டிப் போகிறவர்களின் சௌகரியமும் காரணம் ஆகாது. இந்த ஆள் தப்பி ஓடுவான் என்பதற்குத் தெளிவான காரணம் இருக்க வேண்டும், வேறு வழியும் இருக்கக் கூடாது. அப்படி மாட்டினால் காரணத்தை அப்போதே எழுதி மாஜிஸ்திரேட்டிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். 1978 பஸ்ஸில் இந்தத் தீர்ப்பு இருந்திருந்தால் எங்கள் தெருக்காரர் கையில் துண்டு தேவைப்பட்டிருக்காது என்று அப்போது நினைத்தேன். சின்ன வயசு.

தீர்ப்பு வந்து ஒன்பது வருஷம் கழித்து, 1989 செப்டம்பரில், குஜராத் நடியாத் ஊரில் போலீஸ்காரர்கள் தலைமை ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டையே பிடித்து அடித்து, வாயில் சாராயத்தை ஊற்றி, கைவிலங்கு மாட்டி, கயிற்றாலும் கட்டி, போட்டோவும் எடுக்க வைத்தார்கள். எந்த விலங்குக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டியவரோ அவருக்கே விலங்கு. சுப்ரீம் கோர்ட் 1991-இல் அவர்களை ஜெயிலுக்கு அனுப்பியது. 1995-இல் இன்னொரு வழக்கு. கவுகாத்தி ஆஸ்பத்திரியில் ஏழு கைதிகளை விலங்கு போட்டுக் கட்டிலோடு கட்டி வைத்திருந்ததைப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் பார்த்துக் கடிதம் எழுதினார். அறைக்கு வெளியே காவல் வேறு. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் விலங்கு கூடவே கூடாது என்று கோர்ட் மறுபடி சொன்னது. இத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது என்பதிலேயே விஷயம் தெரிகிறது.

இப்போது 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். 43-ஆவது பிரிவில் மூன்றாவது உட்பிரிவு, கைவிலங்கு போடலாம் என்று போலீஸுக்கு நேராகவே அதிகாரம் கொடுக்கிறது. திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறவர், காவலிலிருந்து தப்பியவர், கொலை, பாலியல் பலாத்காரம், ஆசிட் வீச்சு, போதைப்பொருள், பயங்கரவாதம் என்று ஒரு பட்டியல். குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் பார்த்து முடிவு செய்யலாமாம். கவனியுங்கள்: ஓடுவானா என்று பார்க்கச் சொன்னது 1980 தீர்ப்பு. என்ன குற்றம் என்று பார்க்கச் சொல்கிறது 2023-இல் எழுதிய பிரிவு. கோர்ட் எது காரணம் ஆகாது என்றதோ, அதுவே இப்போது காரணம்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. 2023 ஆகஸ்டில் வந்த முதல் மசோதாவில் பட்டியலில் பொருளாதாரக் குற்றங்களும் இருந்தன. நாடாளுமன்ற நிலைக்குழு அவற்றை எடுத்துவிடச் சொன்னது, டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் எடுத்துவிட்டார்கள். விலங்கைக் குறைத்த வரையில் சரி. ஆனால் பாங்கை ஏமாற்றிவிட்டு விமானம் ஏறிப் போனவர்கள் எத்தனை பேர் என்று பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். நிஜமாகவே ஓடுகிறவன் அவன்தானே? 1934-இன் மேல் வகுப்பு எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது.

டீக்கடை வட்டத்தில் ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் உண்டு. நல்ல மனுஷர். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க சட்டம் பேசுறீங்க சார். நானும் இன்னொரு போலீசும் மதுரை ஜெயில்ல இருந்து ஆளைக் கூட்டிக்கிட்டு பஸ்ல வரணும். வண்டி கேட்டா கிடையாது. அவன் ஒண்ணுக்குப் போகணும்பான். ஓடிட்டான்னா சாயங்காலமே நான் சஸ்பெண்ட். முப்பது வருஷ சர்வீஸ்ல ஓடாமக் கொண்டுவந்து சேர்த்ததுக்கு எவனாவது ஒரு சபாஷ் சொன்னானா? விலங்கு அவன் கையில இல்ல சார், என் வேலையில மாட்டுறது."

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இரண்டு பேரை அனுப்ப வேண்டிய இடத்தில் நாலு பேரை அனுப்பாமல், வண்டி கொடுக்காமல், அந்தச் செலவை எல்லாம் கைதியின் மணிக்கட்டில் மிச்சம் பிடிக்கிறோம். கூடுதல் காவல் போடுங்கள் என்று 1980-லேயே கோர்ட் சொன்னது. அது பட்ஜெட்டில் வர வேண்டிய விஷயம், ஏட்டையாவின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் மாவுக்கட்டுக்கு இந்த நியாயம் பொருந்துமா என்று கேட்டேன். அவர் டீயைக் குடித்து முடித்து, "அது வேற" என்று எழுந்து போய்விட்டார்.

அது வேறுதான். விலங்காவது ஓடாமல் இருக்க என்று சொல்லிக்கொள்ளலாம். கை கால் முறிப்பது கோர்ட்டுக்கு முன்பே கொடுக்கிற தண்டனை. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் எப்படிச் செத்தார்கள், 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் எப்படிச் செத்தார் என்று படித்துக் கொதித்தவர்கள்தான் நாம் எல்லாரும். அதே நாம் மாவுக்கட்டுப் படத்துக்குச் சிரிக்கிறோம். அடி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நினைக்கிறோம்? உயிருக்கு ஒரு அங்குலம் முன்னாலா?

2025 பிப்ரவரியில் அமெரிக்கா நம்மவர்கள் 104 பேரைக் கையிலும் காலிலும் விலங்கோடு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. டீக்கடையில் அன்று எல்லாருக்கும் கோபம். "மனுஷனா மாடா?" என்று கேட்டவர்தான் போன வாரம் படத்தைக் காட்டியவர். பிரான்ஸ்காரர்களுக்கும் இப்படி ஒரு அமெரிக்கப் பாடம் 2011-இல் கிடைத்தது. பெரிய அரசியல்வாதி ஸ்ட்ராஸ்-கானை நியூயார்க் போலீஸ் விலங்கோடு காமிரா முன்னால் நடத்திக் கூட்டிப்போனதைப் பார்த்துக் கொந்தளித்தார்கள். தண்டனை ஆகாதவரை விலங்கோடு காட்டும் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று அவர்கள் 2000-இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டம் நம் பத்திரிகைகளுக்கு வந்தால் பாதிப் பக்கம் காலியாகும். 'கொள்ளையனுக்குக் காப்பு' என்று தலைப்புப் போடுகிறார்களே, காப்பு என்றால் நம் பாஷையில் பாதுகாப்பு. பங்குனியில் அம்மனுக்குக் காப்புக் கட்டுகிற ஊரில் அந்த வார்த்தையை இதற்கா கொடுப்பது?

நான் முப்பத்தாறு வருஷம் கோப்பு எழுதியவன். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: காரணத்தை எழுத வை. வாய்மொழியாக ஆயிரம் சொல்லும் அதிகாரி, "குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் சார்" என்றால் யோசிப்பார். பாதி உத்தரவு அந்த இடத்திலேயே நின்றுவிடும், பார்த்திருக்கிறேன். இவருக்கு விலங்கு எதற்கு, இன்ன காரணம், இன்னார் முடிவு, இத்தனை மணி. நாலு வரி. ரிமாண்டுக்கு வரும்போது மாஜிஸ்திரேட் அந்தத் தாளைக் கேட்க வேண்டும். கட்டுப் போட்டு வந்தவனிடம் எப்படி விழுந்தாய் என்று, போலீஸை வெளியே நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். கைதான ஒவ்வொருவரையும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தச் சொல்லி அரசியல் சாசனம் வைத்திருப்பது முகத்தைப் பார்த்துக் கேட்பதற்குத்தானே? கேட்காவிட்டால் அது வெறும் முத்திரை குத்துகிற வேலை. அதற்கு என்னைப் போல ஒரு குமாஸ்தா போதும்.

கலெக்டர் ஆபீஸ் விருதுநகருக்குப் போனாலும் ஜில்லா கோர்ட் நம் ஊரில்தான் இருக்கிறது. நாம் எல்லாரும் அந்தப் பக்கம் நடக்கிறவர்கள். போலீஸ் வண்டியிலிருந்து இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம்.

மாவட்டப் போலீஸ் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, போன திங்கட்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மூன்று கேள்விகள். 1.7.2024 முதல் இன்று வரை 43(3)-இன் கீழ் எத்தனை பேருக்குக் கைவிலங்கு போடப்பட்டது? அவர்களில் எத்தனை பேருக்குக் காரணம் எழுத்தில் பதிவாகியிருக்கிறது? அதே காலத்தில் காவலில் இருந்தபோது வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தவர்கள் எத்தனை பேர்? மனைவி படித்துவிட்டு, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இது?" என்றாள். பஸ் கதையை நாற்பத்தேழு வருஷமாக அவளிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்குப் பிறகு எங்கே கல்யாணம் ஆனது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

பதில் தர 30 நாள் கெடு. வந்ததும் இங்கே போடுகிறேன்.